காலடிக் கணக்கு

நடையை எண்ணிப் பார்க்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதொன்றன்று. கோயிலை மூன்று முறை வலம் வருவோரும், நவக்கிரகங்களை ஒன்பது முறை சுற்றுவோரும், நேர்த்தி வைத்து நூற்றெட்டு முறை வருவோரும் தத்தம் நடையை எண்ணியே நடந்தனர். கூப்பிடு தொலைவு என்றும் காதம் என்றும் தூரத்தைச் சொன்ன நம் முன்னோர் மனித உடலின் ஆற்றலையே அளவுகோலாகக் கொண்டனர். செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தில் முதியோரும் உளர். அவர்கள் தம் நடையை நாள்களாலும் இடையிற் தங்கும் கோயில்களாலும் அளந்துகொள்வர். ஆனால் அங்கெல்லாம் நடப்பவரும் எண்ணுபவரும் ஒருவரே. நடப்பவர் ஒருவராகவும், எண்ணுவது ஒரு கருவியாகவும், அந்த எண்ணைப் பார்ப்பவர் கடல் கடந்து வாழும் மகனாகவும் ஆகிவிட்டமையே நம் காலத்தின் புதுமை. இப்புதுமை முதியவர் ஒருவரின் வீட்டினுள் நுழையும்போது நேர்வது யாது என்பதை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் கொட்டாஞ்சேனையிற் பெரியம்மா வீட்டிலும் நான் கண்டவற்றைக் கொண்டு எழுத முற்படுகின்றேன்.

மணிக்கட்டிற் கடிகாரம்போலக் கட்டப்படும் இக்கருவியை வீடுகளில் ‘வாச்’ என்றே அழைக்கின்றனர். மணி காட்டுவது அதன் சிறு தொழிலே ஆதலின், இங்கு அதனைக் கைப்பட்டி எனக் குறிப்பிடுவேன். அதனுள்ளே மிகச் சிறிய சிலிக்கன் துண்டொன்றில் அசையக்கூடிய நுண்பகுதி ஒன்று அமைந்துள்ளது. நாம் கைவீசி நடக்கும்போது ஏற்படும் வேகமாற்றம் அந்நுண்பகுதியை இம்மியளவு நகர்த்துகின்றது; அந்நகர்வு மின்மாற்றமாகப் பதிவாகின்றது. அம்மாற்றங்கள் ஒழுங்கான தாளத்தில் வருமாயின் கருவி அதனை நடை எனக் கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்கின்றது. ஆகவே கைப்பட்டி காலைக் காண்பதில்லை. கையின் ஆட்டத்தைக் கொண்டு காலின் செயலை ஊகிக்கின்றது. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது பெரிதும் பயன்படும்.

வெள்ளவத்தையின் இன்றைய நிலையைச் சிறிது கூறாது மேலே செல்லுதல் இயலாது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முன்னர் முற்றமும் மாமரமும் கொண்ட வீடுகள் பல இருந்தன. இன்று அவற்றிற் பெரும்பாலானவை தொடர்மாடிகளாகிவிட்டன. 1983ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னரும், தொடர்ந்த போர்க்காலத்திலும் பிள்ளைகள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சிட்னிக்கும் சென்றனர். பெற்றோர் ஊரைவிட்டு வந்து இத்தொடர்மாடிகளிற் குடியமர்ந்தனர். அவர்களே இன்று முதியோர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர். அவ்வீதம் அதன் பின்னர் மேலும் உயர்ந்துள்ளது. ஊரிலே கிணற்றில் நீர் அள்ளியும் வளவைக் கூட்டியும் கோயிலுக்கு நடந்தும் தம்மை அறியாமலே உடற்பயிற்சி செய்த இவர்களுக்கு, நான்காம் மாடியில் மூன்று அறைகளும் ஒரு தொலைக்காட்சியும் எஞ்சின. வெளியே இறங்கினாலோ காலி வீதியின் நடைபாதையில் உடைந்த கற்களும் வியாபாரப் பொருள்களும் ஒழுங்கை வாயில்களில் திரும்பும் முச்சக்கர வண்டிகளும் அச்சமூட்டுகின்றன. கடலோரத்து மரீன் டிறைவில் அதிகாலையில் நடப்போர் பலரேனும், ஊன்றுகோலுடன் நடப்போர் அங்குச் சிலரே. இக்காரணங்களால் முதியோருக்கான உடற்பயிற்சி வீட்டினுள்ளேயே நடைபெற வேண்டியதாகின்றது.

எங்கள் தந்தையார் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் இலிகிதராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தமது எழுபத்தெட்டாம் வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டார். வீடு திரும்பிய பின்னர் இயன்மருத்துவரான இளம் பெண் ஒருவர் வாரந்தோறும் வந்து பயிற்சி அளித்தார். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து மீண்டும் அமர்தல், சமையலறைத் திண்ணையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், ஒற்றைக்காலில் பத்துவரை எண்ணும் நேரம் நிற்றல், ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடத்தல், இவற்றுடன் அன்றாடம் சிறிது நடை என்பனவே அவர் விதித்தவை. அவர் வரும் நாளில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். வராத நாள்களிலோ தந்தையார் பத்திரிகையுடன் சாய்மனைக் கதிரையில் இருந்துவிடுவார். இதனை அறிந்த அண்ணர், ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் கையிற் கைப்பட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

கருவி வந்த முதல் நாளே தந்தையார் சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடுகள் கீறி, திகதி, காலை, மாலை, மொத்தம் என நிரல்கள் அமைத்தார். கருவி தானே எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் என்று கூறினேன். “அது வைச்சிருக்கட்டும். என்ரை கணக்கு என்னட்டை இருக்கவேணும்” என்பதே அவர் மறுமொழி. முப்பத்தைந்து ஆண்டுகள் பேரேடுகளுடன் வாழ்ந்த ஒருவரின் இயல்பு அது. முதல் வாரத்தின் சராசரி தொள்ளாயிரம் காலடிகள். அடுத்த வாரம் ஆயிரத்து நூறு. எண் கண்முன் தெரிந்ததும் அவர் நடக்கலானார் என்பதை மறுத்தற்கில்லை. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. 2007ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று, 26 ஆய்வுகளில் பங்குகொண்ட 2,767 பேரின் முடிவுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. நடைமானி அணிந்தோர், எழுமாறாகப் பிரிக்கப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளில், அணியாதோரைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 காலடிகள் கூடுதலாக நடந்தனர். அவர்களுள்ளும் குறிப்பிட்டதோர் இலக்கு வைத்துக்கொண்டவர்களே பயனடைந்தனர் என்பதும் அங்குப் புலனாயிற்று.

ஆனால் இலக்கு எத்துணையாக இருத்தல் வேண்டும்? கைப்பட்டியில் முன்னரே பொறிக்கப்பட்டிருந்த இலக்கு பத்தாயிரம். ஒருநாள் மாலை தந்தையார் மிகுந்த சோர்வுடன், “பத்தாயிரம் எண்டு இதிலை போட்டிருக்கு, நான் ஆயிரத்திலை நிக்கிறன். சோதினையிலை பெயில்தான்” என்றார். இந்தப் பத்தாயிரத்தின் வரலாறு அறியத்தக்கது. 1964ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்ற பின்னர் யப்பானிய மக்களிடையே உடற்பயிற்சி ஆர்வம் பெருகிற்று. அதனைப் பயன்படுத்தி 1965இல் அந்நாட்டு நிறுவனம் ஒன்று ‘மன்போகெய்’ என்னும் நடைமானியை விற்பனைக்கு விட்டது. அப்பெயரின் பொருள் ‘பத்தாயிரம் காலடி அளவி’ என்பதாகும். வாயில் எளிதாக நிற்கும் ஒரு முழு எண் என்பதே அதன் சிறப்பு. மருத்துவச் சோதனைகளின் முடிவாக அது பிறக்கவில்லை. வணிகப் பெயராகப் பிறந்த எண் அரைநூற்றாண்டில் உலகம் முழுவதும் சுகாதார விதியாக உலவலாயிற்று.

முதியோரைப் பொறுத்தவரை பின்னர் நடந்த ஆய்வுகள் வேறு செய்தியைத் தருகின்றன. ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 உடைய 16,741 பெண்களின் காலடிகள் கருவிகொண்டு அளக்கப்பட்டன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 காலடிகள் நடந்தோருடன் ஒப்பிடுமிடத்து, 4,400 காலடிகள் நடந்தோரிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு வீதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. காலடிகள் மிக, இப்பயனும் மிகுந்தது; எனினும் 7,500 அளவில் அது மேலும் வளராது நின்றுவிட்டது. நலமுடையோர் இயல்பாகவே கூடுதலாக நடப்பர் ஆதலின், நடையே முழுக் காரணம் என்று இத்தகைய ஆய்வைக் கொண்டு அறுதியிட முடியாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆயினும் பத்தாயிரத்தை எட்டாத முதியவர் தோல்வியுற்றவர் அல்லர் என்று கூற இது போதுமானது. இச்செய்தியைத் தந்தையாருக்கு விளக்கினேன். இயன்மருத்துவருடன் கலந்து இலக்கு முதலில் 1,500 என்றும், இயலும்போது சிறிது சிறிதாக உயர்த்துவதென்றும் முடிவாயிற்று. கைப்பட்டியில் அந்த எண்ணை மாற்றி அமைத்த நாளில் அவர் முகத்திற் தோன்றிய ஆறுதல், வேலையிற் பதவி உயர்வு பெற்றவருடைய ஆறுதலை ஒத்திருந்தது.

ஒரு சிக்கல் தீர மற்றொன்று தோன்றிற்று. காலடிகள் பெருகப் பெருக, கதிரையிலிருந்து எழும் பயிற்சியும் ஒற்றைக்கால் நிலையும் குறைந்துவந்தன. காரணம் வெளிப்படை. அப்பயிற்சிகளுக்குக் கைப்பட்டியிற் கணக்கில்லை. இருபது முறை கதிரையிலிருந்து எழுந்தாலும் எண் அசையாது. ஒற்றைக்காலில் நின்று உடல் நடுங்கினாலும் கருவிக்கு அது ஓய்வே. கணக்கில் ஏறாத வேலையைச் செய்வதில் இலிகிதருக்கு ஆர்வம் இருப்பதில்லை. ஆனால் முதியோரின் வாழ்வில் மிகப் பெரிய இடர் வீழ்ச்சி. அதனைத் தடுப்பனவோ இப்பயிற்சிகளே. உலக சுகாதார தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும், அறுபத்தைந்து வயதிற்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாள்களுக்குக் குறையாமல் சமநிலையையும் தசைவலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்தல் வேண்டும் எனக் கூறுகின்றது. நடை ஒன்றே போதும் என்று அது கூறவில்லை.

இயன்மருத்துவர் இதனை அறிந்து கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “ஐயா, விழாமல் நிக்கிற பெலன் கதிரையாலை எழும்பிறதிலைதான் வரும். வாச்சுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்தானே. இதிலை இன்னுமொரு கோடு கீறுவமோ?” என்றார். “கீறு பிள்ளை” என்று தந்தையார் அடிமட்டத்தை நீட்டினார். அன்றிலிருந்து கொப்பியில் ‘கதிரை’, ‘ஒற்றைக்கால்’ என்னும் இரு நிரல்கள் கூடின. கருவி அறியாத உழைப்பு மனிதன் கையெழுத்தால் கணக்கேறிற்று. வீட்டுப் பயிற்சியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கின்றேன். அந்த இரண்டு கோடுகளைவிடப் பயனுள்ள யோசனை எதையும் அவற்றிற் கண்டிலேன்.

இவ்விடத்து நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட முயற்சி குறிப்பிடத்தக்கது. 1997இல் வெளியான அவர்களது ஆய்வில் எண்பது வயதும் அதற்கு மேலும் உடைய 233 மூதாட்டியர் பங்குகொண்டனர். ஒரு சாராருக்கு இயன்மருத்துவர் வீட்டிற்கே சென்று, முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை, தசைவலிமைக்கும் சமநிலைக்கும் உரிய பயிற்சிகளை அவரவர் நிலைக்கேற்ப அமைத்துக் கொடுத்தார். பின்னர் தொலைபேசியிற் பேசி ஊக்கமளித்தார். மறு சாராருக்கு வழமையான கவனிப்பும் அன்பான சந்திப்புகளும் மட்டுமே கிடைத்தன. ஓராண்டு முடிவிற் பயிற்சி பெற்றோரிடையே 88 வீழ்ச்சிகளும், மற்றோரிடையே 152 வீழ்ச்சிகளும் நிகழ்ந்திருந்தன. அங்குக் கைப்பட்டி ஏதுமில்லை. வீட்டிற்கு வந்து கற்பித்த ஒருவரும், அவர் விட்டுச் சென்ற பயிற்சி முறையும், இடையிடையே விசாரித்த ஒரு குரலுமே இருந்தன. கைப்பட்டியால் இவற்றில் எதனை ஈடுசெய்ய முடியும், எதனை முடியாது என்பதே நாம் வினவ வேண்டியது.

2022ஆம் ஆண்டு இவ்வினாவை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தது. நாட்டின் பொருளாதார நெருக்கடி முற்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தது. தொடர்மாடிகளில் மின்தூக்கிகள் நின்றன. நான்காம் மாடியிலுள்ள முதியவருக்கு நிலம் என்பது எட்டாத இடமாயிற்று. கைப்பட்டியும் கைத்தொலைபேசியும் மின்னின்றி உறங்கின. தந்தையார் தளரவில்லை. எங்கள் கதவிலிருந்து படிக்கட்டுவரை உள்ள நடையைச் சென்று மீள அறுபத்து நான்கு காலடிகள் என்பதை அவர் முன்னரே எண்ணி வைத்திருந்தார். ஒரு கிண்ணத்திற் புளியங்கொட்டைகளை இட்டு, ஒருமுறை சென்று மீளும்போது ஒரு கொட்டையை எடுத்து மறு கிண்ணத்திற் போடலானார். முப்பது கொட்டைகள் மாறினால் 1,920 காலடிகள். மெழுகுதிரி வெளிச்சத்திற் கொப்பியில் எண்ணை எழுதியபின், “வாச் செத்தாலும் கணக்குச் சாகாது” என்று சிரித்தார். கருவி ஊட்டிய பழக்கம் கருவியின்றியும் நிலைத்தது. ஊன்றுகோலுக்கு இதைவிட நற்சான்று வேறுண்டோ?

கொட்டாஞ்சேனையிற் கண்ட காட்சி வேறு. பெரியம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. ஓட்டுக் கூரை வேய்ந்த பழைய வீட்டில் மகளுடன் வாழ்கின்றார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலின் பிராகாரத்தை நாள்தோறும் பதினொரு முறை சுற்றியவர். முழங்கால் தளர்ந்தபின் ‘வோக்கர்’ பிடித்து வீட்டு வாசல்வரை நடக்கின்றார். மகள் ஆசையுடன் கைப்பட்டி வாங்கிக் கட்டினார். வாசல்வரை சென்று மீண்டு, வியர்த்துக் களைத்துக் கதிரையில் அமர்ந்த பெரியம்மாவின் கையிலிருந்த எண் இருபத்தேழு. அவருடைய முகம் வாடிற்று. முன்னர்க் கூறிய வேறுபாடு இங்குதான் தன் விளைவைக் காட்டுகின்றது. இரு கைகளும் சட்டத்தைப் பற்றியிருக்கக் கை வீசுவதில்லை, நடையும் மெதுவானது, தாளம் தளர்ந்தது. கருவி ஊகிக்க ஏதும் கிடைப்பதில்லை. உடல்நலம் உடையவரின் நடையைப் பிழையின்றி எண்ணும் கருவி, யாருடைய ஒவ்வோர் அடியும் மலையேற்றத்தை ஒத்ததோ அவருடைய நடையைக் காணத் தவறுகின்றது.

மெதுவாக நடப்போருக்குக் கணுக்காலிற் கட்டினால் எண்ணிக்கை உண்மையை நெருங்கும். அவ்வாறே கட்டிப் பார்த்தோம். இருநூற்றுக்கு மேல் காட்டிற்று. பெரியம்மா குனிந்து பார்த்து, “இந்த வயதிலை எனக்குக் கொலுசோ பிள்ளையள்?” என்றார். வீடு முழுவதும் சிரித்தது. ஆனால் மறுநாள் அவர் அதனைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டார். “சுவாமியைச் சுத்தினதுக்கு நான் ஆரிட்டையும் கணக்குக் காட்டேல்லை, இப்ப ஏன்?” என்று கேட்டார். எனினும் அவர் கதிரையிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியை ஒருநாளும் விட்டதில்லை. ஒவ்வொரு முறையும் ‘சிவசிவ’ என்று சொல்லி விரற்கணுவில் எண்ணிப் பதினொன்றில் நிறுத்துகின்றார். பிராகாரத்திற் கால் செய்த பதினொன்றை இன்று கதிரையில் முழங்கால் செய்கின்றது. அவருக்குக் கருவி தேவைப்படவில்லை. அவர் பயிற்சி ஏற்கெனவே ஓர் ஒழுங்கினுள் அமைந்திருந்தது. எல்லா முதியோருக்கும் ஒரே மருந்து இல்லை என்பதை இவ்விரு வீடுகளும் எனக்கு உணர்த்தின.

இனி, எண்ணைப் பார்க்கும் மூன்றாமவரைப் பற்றிக் கூறுதல் வேண்டும். கைப்பட்டியின் எண்கள் கைத்தொலைபேசி வழியாக நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து அண்ணரின் கைத்தொலைபேசிக்கும் சென்றன. ஒருநாள் தந்தையார் குளித்தபின் கைப்பட்டியை யன்னலோரம் மறந்து வைத்துவிட்டார். அன்றைய எண் பூச்சியம். நள்ளிரவில் அதனைக் கண்ட அண்ணர் எனக்கும் அயல்வீட்டாருக்கும் மாறி மாறி அழைப்பு எடுத்தார். செய்தியறிந்த தந்தையார் சினந்தார். “எனக்குக் காவல் போட்டிருக்கிறியளோ?” என்று கேட்டுக் கைப்பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். மூன்று நாள்கள் அதனைத் தொடவில்லை. அண்ணரின் பதற்றத்தில் அன்பு இருந்தது. தந்தையாரின் சினத்தில் மானம் இருந்தது. இரண்டையும் ஒருங்கே ஏற்கத்தக்க வழியொன்று தேவைப்பட்டது.

வழியைத் தந்தையாரே கண்டார். எண்கள் தாமாக ரொறன்ரோவுக்குச் செல்வதை நிறுத்துமாறு கூறினார். அதற்குப் பதிலாக ஞாயிறு காலைதோறும், அங்குச் சனி இரவாகும் வேளையில், தொலைபேசியில் அண்ணரை அழைத்துக் கொப்பியைத் தாமே வாசிப்பதென ஏற்பாடாயிற்று. “திங்கள் ரெண்டாயிரத்து நூறு, கதிரை பதினைஞ்சு, ஒற்றைக்கால் எட்டு” என்று திணைக்களத்தில் அறிக்கை வாசிப்பவர்போல வாசிப்பார். அண்ணர் ஒவ்வொன்றையும் கேட்டு ஏதேனும் வினவுவார். மழையா, முழங்கால் நோவா, விருந்தினர் வந்தனரா என எண்ணிலிருந்து பேச்சு வாழ்வுக்கு விரியும். முன்னரெல்லாம் “சுகமோ?”, “சுகம்” என்பதுடன் முடிந்த அழைப்புகள் அரை மணி நேரமாயின. சில மாதங்களில் அண்ணரும் தமது காலடிகளை வாசிக்கலானார். பனிக்காலத்திற் பெரும்பாலும் தந்தையாரே வென்றார்.

இந்த ஏற்பாட்டின் பெறுமதி 2023இல் தெரிந்தது. நான் அலுவல் காரணமாக மட்டக்களப்பில் இருந்த ஒன்பது நாள்களில், நாலாயிரத்தை அண்மித்து நின்ற காலடிகள் படிப்படியாக இறங்கி ஆயிரத்து எண்ணூறாயின. அவ்வார ஞாயிறன்று தந்தையார் வழமைபோல “நல்ல சுகம்” என்றுதான் தொடங்கினார். வெயில் கடுமை என்றார். ஆனால் கொப்பியை விரித்ததும் உள்ளதை உள்ளவாறே வாசித்தார். வாயாற் சுகமென்று சொல்ல அவர் தயங்கவில்லை. பதிந்த எண்ணை மாற்றி வாசிக்க அவரால் இயலவில்லை. அண்ணர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, நடக்கேக்கை மூச்சு வாங்குதோ?” என்று வினவினார். சிறிது மௌனத்தின் பின், “கொஞ்சம்” என்ற விடை வந்தது. கணுக்கால்களும் வீங்கியிருந்தன. வைத்தியர் பரிசோதித்து இதயத்தின் இறைக்கும் வலிமை குறைந்திருப்பதாகக் கூறி, உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் மருந்தும் பிறவும் கொடுத்தார். ஒரு மாதத்தின் பின்னர் காலடிகள் மூவாயிரத்தைத் தாண்டின. நோயைக் கண்டது கைப்பட்டியன்று. அது காரணம் அறியாது. எண் இறங்கியமையைக் காட்டியது கருவி. அதனை ஒளிக்காமல் வாசித்தவர் தந்தை. அதன் பின்னால் இருந்த மூச்சைக் கேட்டவர் மகன். மூவரில் ஒருவர் இல்லாவிடினும் அச்செய்தி எங்களுக்குக் காலத்தில் எட்டியிராது.

இக்கருவிகளைப் பற்றி என் மனத்தில் எஞ்சி நிற்கும் குறை ஒன்றுண்டு. அவை வளர்ச்சியை மட்டுமே போற்ற அறிந்தவை. நேற்றையைவிட இன்று கூடினால் ஒளி வீசி வாழ்த்தும்; குறைந்தால் எழுந்து நடக்குமாறு ஏவும். ஆனால் முதுமையின் பாதை மெல்ல இறங்குவது. எழுபத்தெட்டில் எட்டிய எண்ணை எண்பத்திரண்டில் எதிர்பார்த்தல் முறையன்று. இறங்கும் பாதையில் விழாது இறங்குவதும் ஒரு பயிற்சியே. அதற்குரிய வாழ்த்துச் சொல் எந்தக் கைப்பட்டியிலும் இல்லை. தந்தையார் சென்ற ஆண்டு தமது இலக்கை மூவாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறாகத் தாமே குறைத்து எழுதினார். அந்த வரிக்கு எதிரே, திணைக்கள வழக்கப்படி, சிறு கையொப்பமும் இட்டார். அண்ணர் அதனைக் கேட்டு, “அது நல்ல இலக்கு அப்பா” என்றார். கருவி சொல்ல அறியாத சொல் அதுவே.

வெளிநாட்டிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் பெற்றோருக்கு இக்கருவிகளை வாங்கி அனுப்பும் பிள்ளைகள் இன்று பலர். அனுப்புதல் நன்றே. அதனுடன் மூன்று பொருள்களையும் சேர்த்து அனுப்புவாராக: முதியவரின் உடல்நிலைக்கேற்ப ஓர் இயன்மருத்துவர் அமைத்துத் தந்த பயிற்சி முறை, கருவி எண்ணாதவற்றையும் எழுதிக்கொள்ள ஒரு கொப்பி, அக்கொப்பியை வாரம் ஒருமுறை வாசிக்கக் கேட்பதற்கு அரை மணி நேரம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோயில்களும் தேவாலயங்களும் சங்கங்களும் மண்டபங்களும் குறைவின்றி உள்ளன. அவற்றில் வாரம் ஒரு நாள் முதியோர் பத்துப்பேர் கதிரைகளுடன் கூடி, ஒருவர் கணக்கை மற்றவர் கேட்குமாறு பயிற்சி செய்வதற்குப் பெரும் பொருட்செலவு ஏதும் வேண்டியதில்லை. பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் அத்தகைய மண்டபம் ஒன்றிற் சென்று அமர்ந்து, அக்கொப்பிகளைப் புரட்டிப் பார்த்து, ஒவ்வோர் எண்ணின் பின்னாலும் உள்ள கதையைக் கேட்பாராயின், கதிரையிலிருந்து எழும் முதியவர் இன்னுமொரு முறை எழுவார்.